குழாய் வந்த பிறகு

நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்குச் சோதனைக்கூட வேலை. ஊரில் பாதி வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இல்லாத காலம் அது. அந்த வீடுகளின் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சிக்கொண்டு லாரிகள் வரும். கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு லாரியிலும் ஒரு குவளை பிடித்துச் சோதிப்பாள். சாயமோ அமிலமோ கலந்திருந்தால், நிலையத்தின் தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் கூண்டோடு செத்துவிடும்.

மற்ற ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். ஒருவர் மட்டும் தானே இறங்கி, குவளையை நிரப்பித் தருவார். மனைவியை இழந்தவர். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு லாரியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

“மேடம், உங்க பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?” என்பார், நுண்ணுயிர்களைத்தான்.

“பசியோட இருக்காங்க. என்ன கொண்டு வந்தீங்க?”

“ஹோட்டல் தொட்டி. எண்ணெய் ஜாஸ்தி. வயித்தக் கெடுத்துக்காமப் பாத்துக்குங்க.”

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. தம்பி வீட்டின் பின்னறையில் இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் வேலையைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த கதை இரண்டு மூன்று உண்டு. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் உடம்பில் வாடை ஒட்டியிருப்பதாகவே தோன்றும். அவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அந்த நினைப்பே வராது.

தெருத்தெருவாகக் குழாய் பதித்தார்கள். வருகிற லாரிகள் குறைந்தன.

“மேட்டுத் தெரு ஒண்ணுதான் பாக்கி மேடம்,” என்றார் ஒருநாள். “அதுவும் முடிஞ்சா எனக்கு இந்த ஊர்ல வேலை இல்ல.”

போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

“பின்னால வண்டி நிக்குது. எடுங்க.”

பின்னால் எந்த வண்டியும் இல்லை. அவர் ஓரக் கண்ணாடியை ஒரு கணம் பார்த்தார். பிறகு கிளம்பிப் போய்விட்டார்.

அதன்பின் அவர் வரவேயில்லை. குழாய் வழியே கழிவுநீர் சீராக வந்தது. அதிகாரிகள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கோ கையிலிருக்கும் குவளை அடிக்கடி நழுவியது.

“அண்ணி, யாரத் தேடுறீங்க?” என்று கேட்டாள் தம்பி மனைவி. “தெருவுல தண்ணி லாரி வந்தாக்கூட வாசலுக்கு ஓடுறீங்களே.”

அவர் லாரியின் முதுகில் பெரிதாக எழுதியிருந்த எண் அவளுக்கு மனப்பாடம். ஒரு மதியம் அதற்கு போன் செய்தாள். வேறு யாரோ எடுத்தார்.

“வண்டிய நான் வாங்கிட்டேன்மா. வாடிக்கைக்காக நம்பரையும் சேத்துக் குடுத்துட்டாரு. மகளுக்குப் பிரசவம்னு அவங்க ஊருக்குப் போயிட்டாரு. புது நம்பர் வேணுமா?”

புது எண்ணை வாங்கியும் இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. பிறகு வந்தது.

“யாருங்க?”

“அன்னைக்குப் பின்னால வண்டி எதுவும் நிக்கல.”



“தெரியும் மேடம். கண்ணாடில பாத்தேன்.”

“அப்ப ஏன் போனீங்க?”

“நீங்கதானே போகச் சொன்னீங்க.”

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மாலைதோறும் போன் வரும். குழந்தை அழுவது பின்னணியில் கேட்கும். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாளாம். பகலெல்லாம் பேரன் அவர் தோளில்தான். இவன் நடக்கட்டும், வந்துடறேன் என்றார். பேரன் நடந்தான், பேசவும் செய்தான். இன்னும் கொஞ்ச நாள் மேடம் என்றார். நான் வரட்டுமா என்றாள். மகள்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல என்று குரலைத் தாழ்த்தினார்.

சரி, நம் வீட்டிலாவது சொல்லிவிடுவோம் என்று, ஒருநாள் சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள்.

“எப்பக்கா வர்றாராம்?” என்றான்.

“இன்னும் கொஞ்ச நாள்,” என்றாள், அவர் சொல்வதைப் போலவே.