உப்புக் காணாத தண்ணீர்

1
இந்தக் கதை ஒரு குறிப்புக் கொப்பியிலிருந்து வந்தது. கணவர் மௌத்தானபின், விதவையாக வீட்டோடு இத்தா இருந்த நான்கு மாதத்தில் அவருடைய அலுமாரியைத் துப்புரவாக்கினேன். 1946ஆம் ஆண்டுக் கொப்பியில், ஒரு வெள்ளிக்கிழமைக்கு எதிரே, 'கை பிழைத்துவிட்டது' என்று எழுதியிருந்தார். பிழை செய்தது அவருடைய கை அல்ல. அது எனக்குத் தெரியும்; ஆகவே இதை எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

2
வெள்ளவத்தைக் கடல் அன்று –

(வேண்டாம். கடலில் தொடங்கினால் உப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.)

கொட்டாஞ்சேனையில் ஒரு குசினி; அடுப்பருகே ஒரு பெண். அவளுக்கு லுத்பியா என்று பெயர் வைக்கிறேன். புருஷன் மஷூர், மருத்துவ ஆய்வுகூடமொன்றில் தற்காலிக உதவியாளர். ஆட்டின் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சவரக் கத்தியால் காகிதம்போல் சீவி, வெவ்வேறு அளவு உப்பு நீரில் இட்டு, அது எவ்வளவு மூச்சு வாங்குகிறது, எவ்வளவு பிராணவாயுவை இழுக்கிறது என்று கண்ணாடிக் குழாயின் நீர்மட்டத்தைக் கொண்டு அளப்பார். உப்பைக் கூட்டினால் துண்டு முதலில் கூடுதலாக மூச்சு வாங்கும்; ஓர் எல்லைக்கு மேல் சோர்ந்துவிடும். அந்த எல்லையைக் கண்டுபிடித்தால் வேலை நிரந்தரமாகும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன், இறைச்சிக்கடைப் பார்சலோடும் ஆய்வுகூடப் போத்தலோடும் வந்தார்.

"புள்ள, குண்டிக்காய இந்த உப்புத் தண்ணில போட்டு ஐஸுக்குள்ள வெய்ங்க. தொழுதுட்டு வந்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போறன்."

"கறிக்கு இல்லயா?"

"இது மூச்சு உடுற குண்டிக்காய். தின்ன ஏலா."

லுத்பியா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். குண்டிக்காய் வாடை போக்க இந்த உப்புக் காணாது, போதவே போதாது. போத்தலுக்குள் இரண்டு பிடி அள்ளிப் போட்டாள்.

(அன்பினால் என்று எழுதி வெட்டினேன். சமைக்கத் தெரிந்த எவளும் போட்டிருப்பாள்.)

3
பின்னேரம் குழாயில் மட்டம் அசையவே இல்லை.

"என்ன மஷூர், உம்மட ஆடு நோன்போ?" என்றானாம் பக்கத்து மேசை முத்துலிங்கம். பேராசிரியர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மஷூர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தி புடிக்கிற கை போய்ட்டு. இனி அங்க போய் என்ன செய்ய?"

"அந்தத் தண்ணில உப்புக் கூடினா என்னவாகும்?"

"செத்துப் போகும். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

4
முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சொல்லிவிடுகிறாள். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. இன்னொன்றில் அவரே கண்டுபிடிக்கிறார். கொப்பி அதை மறுக்கிறது.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். விலகல் கடிதம் எழுத மஷூர் உட்கார்ந்துவிட்டார்.

"மைப்போத்தல் எங்க ஈக்கி?" என்கிறார்.

அன்று நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் முப்பது வருடம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டச்சுச் செய்தார்.

லுத்பியா இன்னும் கொடுக்கவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். தொடக்கத்தை மட்டும் தருகிறேன்:

"இங்க பாருங்க, நான்தான் அந்தப் போத்தல்ல –