வளைகுடா முழுக்கக் கேட்ட காலை உணவு

பசிபிக் கடலில், டோங்கா நாட்டின் வவாவு தீவுகளுக்கு நடுவே ஒரு வளைகுடா. உலகத்தை விட்டு விலகி வாழ வந்தவர்களின் பாய்மரப் படகுகள் அங்கே ஒன்றை ஒன்று இடிக்காத குறையாக நங்கூரமிட்டு நின்றன. உலகத்தை விட்டு விலகியவர்களுக்குத் தினமும் காலையில் ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சை நடத்துகிறவள் நெரிடா. வானிலை, யாரிடம் பம்பு உபரியாக இருக்கிறது, மாலையில் கரையில் கூடிச் சாப்பிட யார் எதைச் சமைத்து வருவது, எல்லாம் அவள் வாயால்தான் வரவேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குரலுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

அன்று பேசி முடித்து மைக்கை மாட்டாமல் இருக்கையில் போட்டாள். காப்பியோடு வந்த கணவன் ட்ரெவர், மெத்தையை அதன்மேல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மைக்கின் பொத்தான் அமுங்கிக்கொண்டது.

பிறகு இருவரும் வழக்கம்போல ரொட்டியைத் தின்றபடி அக்கம்பக்கத்துப் படகுகளை ஒவ்வொன்றாக வம்புக்கு எடுத்துக்கொண்டார்கள். கடலையே பாயால் கடந்தேன் என்று பீற்றிக்கொள்ளும் குந்தர், காற்று கொஞ்சம் வீசினாலே இன்ஜினைப் போட்டுவிடுகிறான் என்றான் ட்ரெவர். பிலிப்பாவின் வாழைப்பழக் கேக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினால் நங்கூரமே வேண்டாம் என்றாள் நெரிடா. படகு படகாக வந்து விற்கும் காய்கறிக்காரரைக்கூட விடவில்லை.

அந்தக் காய்கறிக்காரர் விலியாமிதான் தன் படகில் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"மேடம், உங்க ரேடியோ இன்னும் பேசிக்கிட்டே இருக்கு. என் பப்பாளியப் பத்திச் சொன்னது நியாயந்தான். இன்னைக்கு நல்லதாப் பாத்துக் கொண்டாந்திருக்கேன்."

நெரிடா ட்ரெவரை எழுப்பிவிட்டு, மெத்தைக்கு அடியிலிருந்த மைக்கை எடுத்து மாட்டினாள். உடனே கிளம்பிவிடலாம் என்றான் ட்ரெவர். ஓடினால், சொன்னதெல்லாம் மனதாரச் சொன்னது என்று ஆகிவிடும் என்றாள் அவள். பகல் முழுவதும் புழுங்கும் அறைக்குள் அடைந்துகொண்டு, யார் மேல் தப்பு என்று தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள்.

மாலையில் வேறு வழியில்லாமல் கரைக்குப் போனார்கள். ஒருவரும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிலிப்பா சிரித்த முகத்தோடு கேக்கில் பெரிய துண்டாக வெட்டி நெரிடாவின் தட்டில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நெரிடா கடைசித் துகள் வரை தின்றாள். குந்தர் ட்ரெவரின் தோளில் கைபோட்டு, பாய்க்கு ஏற்ற காற்று எது என்று இருட்டும் வரை விளக்கினான்.

பக்கத்துப் படகு எய்ல்சாவின் முகம் மட்டும் இறுகிக் கிடந்தது. இவளை என்ன சொல்லித் தொலைத்தோம் என்று நெரிடாவுக்கு நினைவே வரவில்லை. எய்ல்சா அவளைத் தனியாக அழைத்துப் போனாள்.

"வந்ததுலேர்ந்து உங்க பக்கத்துலதான் நிக்கிறோம். எல்லாரையும் சொன்னீங்க, எங்களப் பத்தி ஒரு வார்த்தை வரல. நாங்கல்லாம் உங்க கண்ணுக்கே தெரியலையா?"

"அதுக்குள்ள விலியாமி வந்துட்டாரு, எய்ல்சா. அடுத்தது நீங்கதான்."

"சும்மா சொல்லாத. என்ன சொல்லியிருப்ப?"

பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர்களிடம் காலமெல்லாம் பேசிய பழக்கம் நெரிடாவுக்குக் கைகொடுத்தது.

"உன் வீட்டுக்காரர் விடற குறட்டையில எங்க படகு ஆடுது. நங்கூரம் நழுவுதுன்னு ட்ரெவர் பாதித் தூக்கத்துல எழுந்து ஓடறான்."

எய்ல்சாவின் முகம் மலர்ந்துவிட்டது. நிஜமாகவா என்று கேட்டாள். பிறகு கூட்டத்தில் நின்ற கணவனைக் கையாட்டிக் கூப்பிட்டு, அதையே இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள்.