நான்கு ஜிகாவுக்கு மேல்

மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு ஆபீஸ் மொத்தமும் மேஜைமேல் கவிழ்ந்து தூங்கும் நேரத்தில்தான் நிரல் எழுதும் பெய்-ஷான், பிரிண்டரில் கிடந்த அந்தக் காகிதத்தைப் படித்தாள். பக்கத்து மேஜையில் குறட்டைச் சத்தம். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

காகிதம் யுவேசின் அக்காவின் பெயரில் இருந்தது. தைப்பேயில் இந்த மதர்போர்டு கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள் அக்கா. ‘முழு ராம் நினைவகமும் போட்டுச் சோதிக்காதது என் கவனக்குறைவு. பழுதான ராம்களைக் கண்டுபிடிக்காததும் என் பிழை. பொறுப்பேற்று விலகிக்கொள்கிறேன்’ என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. இரண்டு மணிக்குக் காவ்சியூங்கிலிருந்து வாடிக்கையாளர் வருகிறார். அவர் முன்னால் அக்கா இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஏற்பாடு லாய் மேனேஜருடையது.

பெய்-ஷான் காகிதத்தோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அக்கா இருட்டிலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கறித்துண்டு தொடாமல் கிடந்தது.

“இதுல கையெழுத்துப் போடப் போறீங்களாக்கா?”

“பின்ன என்ன பண்றது? போட்டா நல்ல சர்டிஃபிகேட் தர்றாராம். போடலன்னா துரத்திடுவாராம். அம்பது வயசுல சர்டிஃபிகேட்டும் இல்லாம நான் எங்க போய் நிக்க?”

“முழு ராம் போடக் கூடாதுன்னு சொன்னதே அந்த ஆள்தானே!”

“அவரு வாயால சொன்னாரு. காகிதத்துல இருக்கறது என் பேரு.”

உண்மைதான். சோதனைக்குப் போர்டுக்கு ஒரு ராம்தான் தருவேன், மற்றதெல்லாம் விற்பனைப் பிரிவின் கண்காட்சிக்கு என்பது லாய் போட்ட சட்டம். அதுபோக அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் உறைந்துபோனால் ராம்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கு, ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும்போது ஓடினால் பிடுங்கியதுதான் கெட்டது என்று எழுது. அந்தத் தெருவில் இருக்கும் எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் செய்கிறது. பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருந்து தொலைக்கிறது. அதனால் யாரும் மேலே யோசிப்பதில்லை.

மெஷின் அடிக்கடி உறைகிறது என்று காவ்சியூங்கிலிருந்து புகார் வந்த முதல் வாரம் லாய் என்ன செய்தார்? மெஷினை எழுப்பிவிடும் பயாஸ் நிரலை ஒருமுறை திறந்து பார்த்தாரா? ஆள் அனுப்பித் தேங்காய்ச் சுவைத் தின்பண்டம் பச்சைப் பொட்டலத்தில் எட்டு வாங்கி, வாடிக்கையாளரின் எட்டு மெஷின் மேலும் ஒவ்வொன்று வைக்கச் சொன்னார். பச்சைப் பொட்டலம் இருந்தால் மெஷின் சொன்ன பேச்சு கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. பெய்-ஷானும் தன் மேஜையில் ஒன்று வைத்திருக்கிறாள், அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அவள் நிரலையும் படிப்பாள்.

படித்ததால்தான் அவளுக்குத் தெரியும். புராசசர் கண் விழிக்கும்போது ஒரு மெகாபைட்டுக்கு மேல் அதற்கு உலகமே கிடையாது. அடுத்த நிலைக்கு ஏற்றிவிட்டால் நான்கு ஜிகா வரை எட்டும். அதற்கும் மேலே போக வேண்டுமானால் பக்க அட்டவணை வேண்டும், அதாவது எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்த பட்டியல். பட்டியலில் இல்லாத முகவரியைத் தொட்டால் மெஷின் செத்தது. விசிறி வேகத்தைக் கூட்டுவது மாதிரியான வேலைகளுக்கு இந்த போர்டில் தனியாக ஒரு பராமரிப்பு நிலையும், அதற்கென்று தனிப் பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலைப் பதினாறு ஜிகா வரைக்கும் எழுதியவள் பெய்-ஷான். வேறு எதற்கோ இடம் போதவில்லை என்று நான்கு ஜிகாவோடு வெட்டியவர் லாய். வேண்டாம் என்று இரண்டு முறை மெயில் அனுப்பினாள். இரண்டுக்கும் கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

“ரெண்டு மணிக்கு எட்டு ராமையும் எடுத்து வையுங்கக்கா, அவங்க ஒரு மெஷின்லருந்து கழட்டித் திருப்பி அனுப்பினதையே” என்றாள்.

இரண்டு மணிக்குப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த ஃபாங், சரக்குப்பெட்டி ஏற்றி இறக்கும் கம்பெனிக்காரர், வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆறு வாரமா வெயில் ஏறினா மெஷின் நின்னுடுது. வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்குது. டிரைவருங்க எங்கம்மாவை இழுத்துத் திட்டுறாங்க. எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம், மெஷின் ஓடணும்.”

லாய் பணிவாகச் சிரித்தார். “ராம் கெட்டுப்போச்சு சார். எங்க டெஸ்டிங்ல கவனிக்கல. யுவேசின், முன்னால வாங்க.”

அக்கா எழுந்தாள். பெய்-ஷான் குறுக்கே போய் நின்றாள்.

“எந்த ராம் சார் கெட்டுப்போச்சு?”

“கஸ்டமர் முன்னாடி வகுப்பெடுக்காத. போய் உட்காரு.”

“எட்டு இருக்கு. எதுன்னு காட்டுங்க, உட்கார்றேன்.”

ஃபாங் கையைத் தூக்கினார். “காட்டட்டுமே.”

அக்காவே ராம்களைச் சொருகினாள். ஒவ்வொன்றும் இரண்டு ஜிகா. முதலாவதைத் தனியாகப் போட்டு மெஷினை ஓடவிட்டு, பெய்-ஷான் காற்றுப் போகும் ஓட்டையைச் சாப்பாட்டுப் பெட்டி மூடியால் அடைத்தாள். சூடு ஏறியது, விசிறி உறுமியது, மெஷின் ஓடியது. இரண்டாவது ராம் ஓடியது. மூன்றாவதும் அப்படியே. லாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாவது முடிந்தபோது ஃபாங் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

“எட்டும் நல்லாத்தானே இருக்கு?”

“இப்ப எட்டையும் சேர்த்துப் போடுங்கக்கா.”

சேர்த்துப் போட்டார்கள். மூடியை வைத்தார்கள். விசிறி வேகம் மாற வேண்டிய இடத்தில் திரை அப்படியே உறைந்தது.

“ராம் கெட்டுப்போகல சார்” என்றாள் பெய்-ஷான். “ஒண்ணே ஒண்ணு இருந்தா எல்லாமே நாலு ஜிகாவுக்குக் கீழ இருக்கும். எட்டு போட்டா விசிறிக்கான சேதி மேல போய் உட்காருது. அந்த நேரத்துல புராசசருக்கு மேல எதுவும் தெரியாது, ஏன்னா பட்டியல்ல அந்தப் பக்கங்களை வெட்டிட்டாங்க. பன்னெண்டு பக்கம். நாப்பத்தெட்டு கிலோபைட்! ஒரு போட்டோ அதைவிடப் பெருசா இருக்கும். அதை மிச்சம் பிடிச்சவரை விட்டுட்டு, பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த பொம்பளையைக் குனிய வைக்கிறாங்க.”

“யாரு வெட்டினது?” என்றார் ஃபாங்.

அவள் தன் மடிக்கணினியில் நிரலின் மாற்றப் பதிவைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். வெட்டிய தேதிக்குப் பக்கத்தில் லாயின் பெயர் இருந்தது.

“இது டீம் எடுத்த முடிவு” என்றார் லாய். காது மடல் சிவந்திருந்தது. “சரி, திருத்திடலாம். அதுக்காக நடந்தது இல்லன்னு ஆயிடாது. கஸ்டமர் கஷ்டப்பட்டிருக்காரு. யுவேசின், நீங்க மன்னிப்புக் கேட்டுடுங்க, எல்லாரும் வேலையைப் பார்க்கலாம்.”

இவ்வளவுக்குப் பிறகும் சொன்னார். அதைவிடக் கொடுமை, அக்காவின் கைகள் தாமாகவே தொடைக்கு இறங்கின, முதுகு வளையத் தொடங்கியது. பெய்-ஷானுக்கு லாயின்மேல் வந்த கோபத்தைவிட அந்த முதுகின்மேல்தான் அதிகம் வந்தது. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தாள்.

“குனிஞ்சீங்கன்னா உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்!”

அக்கா பாதி வளைந்தபடி அவளைப் பார்த்தாள். பிறகு உறைந்த திரையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே மெதுவாக நிமிர்ந்தாள்.

“ராம் எட்டும் நல்லது” என்றாள் ஃபாங்கிடம், பத்தொன்பது வருஷமாக அறிக்கை வாசிக்கும் அதே குரலில். “போர்டு ஃபெயில்.”

இதுவரை அவள் ஒரு போர்டைக்கூட ஃபெயில் என்று சொன்னதை லாய் கேட்டதில்லை. ஃபாங் தலையாட்டிவிட்டு லாய் பக்கம் திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். லாயின் இடுப்பு ஓர் அங்குலம் முன்னால் வளைந்து, அங்கேயே நின்றது.

“இன்னும் கொஞ்சம், சார்” என்றாள் யுவேசின் அக்கா.