பீரோவில் இருந்த பேட்டரி

கூடத்தில் இருந்தவர்கள்: இறந்து, கஃபன் துணி சுற்றி முகம் மட்டும் திறந்திருந்த ஜெக்கரியா, அவர் மனைவி ஹமீதா பானு, மகள் ஷமீரா, தங்கை சைத்தூன் பீவி. வாசலில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், உடலைக் கொண்டுபோகும் சந்தூக்கைத் தூக்க வந்த தெரு ஆட்களும், ஜெக்கரியாவின் வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் மருதையனும். மகன் ஃபஹத் இல்லை. துபாயில் முதலாளி லீவு தரவில்லை.

கரண்டும் இல்லை. விடியும்போது போனது. அந்த வருடம் குடவாசலில் கரண்டு எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

ஷமீராவின் செல்போனில் பேச மட்டும்தான் முடியும். ஃபஹத் அனுப்பிய லேப்டாப்பும் நெட் கார்டும் இருந்தன. ஜெக்கரியா உயிரோடு இருந்தபோதே போட்டோ எடுக்க விடாதவர். மய்யித்தைப் படம் எடுக்க ஹமீதா சம்மதிக்கவில்லை. வீடியோ காலில் மகன் பார்த்தால் அது நேரில் பார்ப்பது போலத்தான் என்றாள்.

பேட்டரிதான் வம்பு. உழைக்காமல் இருந்தால் நாள்பட வரும் என்று, லேப்டாப் வந்த வாரமே ஹமீதா அதைக் கழற்றிப் பாலிதீன் உறையில் சுற்றி, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டியிருந்தாள். கரண்டு இருக்கும்போது வயரில் ஓட்டிக்கொள்வார்கள்.

"நகையையாவது பெருநாளுக்கு எடுத்துப் போட்டுக்குவீங்க மதினி. இது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் சைத்தூன் பீவி.

ஷமீரா பேட்டரியை மாட்டினாள். ஏழு சதவீதம். திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். வேண்டாததையெல்லாம் மூடினாள். அண்ணன் அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதுவரை தாங்கினால் போதும்.

"முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க," ஹஜ்ரத் வாசலிலிருந்து சொன்னார்.

அழைத்ததும் ஃபஹத் எடுத்தான். அவள் லேப்டாப்பைத் திருப்புவதற்குள் ஹமீதா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடா, இப்படி எலும்பாப் போயிட்டே?"

"அத்தாவைக் காட்டுங்கம்மா."

"சாப்புடுறியா இல்லியா? மூஞ்சியே தெரியலையே. வெளிச்சம் வையி புள்ள."

"சார்ஜ் போயிடும்மா. திருப்புங்க," என்றாள் ஷமீரா.

மகள் அழுத்திய பொத்தானைப் பார்த்து வைத்திருந்தாள் போல. ஹமீதாவே அழுத்தினாள். திரை பளிச்சென்றது. மகன் போய் நான்கு வருடம். மய்யித்துக்கு முன்னால் உட்கார்ந்து ஹமீதா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஷமீரா கையை நீட்டினாள். பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

"அம்மா, அத்தாவ..." என்றான் ஃபஹத். திரை அணைந்தது.

ஹஜ்ரத் மறுபடி கூப்பிட்டார். முகத்தை மூடினார்கள். சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது ஷமீராவின் செல்போன் அடித்தது.

"காட்டலையே ஷமீரா."

"அம்மாவப் பாத்தியில்ல?"

அவன் போனை வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள்.

ஹமீதா பேட்டரியைக் கழற்றி முந்தானையால் துடைத்து உறையில் போட்டாள்.

"புருசன் போனவளுக்கு இத்தா ஆரம்பிச்சாச்சு. இனிமே வெளி ஆம்பள யாரும் உள்ள வரக்கூடாது," என்றாள் சைத்தூன் பீவி.

சந்தூக்கு தெருமுனையில் திரும்பியது. கடைசியாக மருதையனின் தலை மறைந்தது. ஷமீரா கதவைச் சாத்தி, அத்தாவுக்குப் பின்னால் பூட்டினாள்.