புதன்கிழமைக்கு ஏது விரதம்?

1

இந்தக் கதை எனக்குச் சுன்னாகம் ரயில் நிலையத்தில் ஓசியாகக் கிடைத்தது. ரயில் ஒரு யுகம் பிந்தியது. பக்கத்து வாங்கில் இருந்தவர் யாரையோ பற்றி, "பஞ்சாங்கத்திலை இல்லாத விரதமும் பிடிச்ச மனுசி" என்றார். அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு. பென்சன்காரனுக்குப் பொய் சொல்ல நேரம் தாராளம்.

2

யுத்தத்தின் கோரப் பிடியில் சிக்குண்ட இணுவில் கிராமத்தில் அன்று…

(வேண்டாம். இதை நானே படிக்கமாட்டேன்.)

கூப்பனுக்கு அரிசி அளந்த காலம். குணலட்சுமி வீட்டில் இரண்டே பேர், இருவரும் சோற்றைவிடப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ்ப் பிரியர்கள். கூட்டுறவுச் சங்கக்கடை அரிசி மிஞ்சியது. அடுத்த வளவுத் தங்கமுத்துவிடமும் கூப்பன் இருந்தது. அரிசி எடுக்கக் காசில்லை. புருசன் மலாயாவில். ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு காசுமில்லை, கடிதமுமில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"அரிசி மிஞ்சிக் கிடக்கு, அக்கா."

"மிஞ்சினதைக் கோழிக்குப் போடு. நாங்கள் இரந்து திண்ட ஆக்கள் இல்லை."

3

(இங்கே குணலட்சுமி அழுதாள் என்று எழுதி வெட்டிவிட்டேன். அவள் அழுகிற ஆள் அல்ல, யோசிக்கிற ஆள்.)

வெள்ளிக்கிழமை சோற்றுச் சட்டியோடு போனாள்.

"கந்தசுவாமியாருக்கு விரதம், அக்கா. நான் சமைச்சதை வேறை வீட்டுப் பிள்ளையள் சாப்பிட்டால்தான் பலனாம்."

"ஆர் சொன்னது?"

"ஐயர்."*

சாமி காரியத்தைத் தட்டலாமோ? தங்கமுத்து சட்டியை வாங்கினாள்.

மூன்று பிள்ளைகளுக்கு வெள்ளி ஒருநாள் காணுமா? செவ்வாய், சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று முப்பத்து முக்கோடி தேவரும் முறைவைத்து வந்தார்கள். மிச்ச அரிசி போதாமல் தன் பங்கையும் கொடுத்துக் குணலட்சுமி உண்மையாகவே பட்டினி கிடந்தாள். மெலிந்த கையில் காப்பு முழங்கைவரை ஏறியது. (முதலில் தோள்வரை என்று எழுதியிருந்தேன்.)

* ஐயர் பாவம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

4

"இண்டைக்கு என்ன விரதம்?"

"புதன்…"

"புதன்கிழமைக்கு ஏது விரதமடி?"

குணலட்சுமி வானத்தைப் பார்த்தாள். உதவிக்கு ஒரு தேவரும் வரவில்லை.

தங்கமுத்து இலை ஒன்றை விரித்தாள். "கண்ணாடியிலை முகம் பாக்கிறனியோ? எலும்பும் தோலுமாய்ப் போனாய். எனக்கும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கு. நீ இதிலை இருந்து சாப்பிட்டால்தான் என்ரை பிள்ளையள் சோத்திலை கை வைப்பினம். இதுக்கு ஐயரைக் கேக்கத் தேவையில்லை."

5

முடிவு ஒன்று: மலாயாவிலிருந்து புருசன் தங்கப் பெட்டியோடு வந்து… (யுத்தம் முடியவில்லையே. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: குணலட்சுமி உட்காருகிறாள். பொய் வெளிச்சமாகிவிட்டது. நாளைக்குத் தங்கமுத்து சட்டியை வாங்குவாளா?

முடிவு மூன்று: உட்காரவில்லை. பிள்ளைகள் சோற்றைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

எனக்குத் துணிவில்லை. அவளுக்கு ஒரு கால் வாசல் படலைப் பக்கம், ஒரு கால் இலைப் பக்கம். நீங்கள் சொன்னால் கேட்பாள், கெதியாய்ச் சொல்லுங்கள். சின்னவள் குழம்பில் விரல் வைத்துவிட்டாள்.