மச்சான் முன்னால் சொன்ன வருமானம்

கணக்கெடுக்க வந்த பெண் ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வந்திருக்கலாம். சரியாக மச்சான் எங்கள் வீட்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தாள்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஹார்டுவேர் கடை முதலாளி. பெயின்டருக்குத் தங்கையைக் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமான பிறகும், "இப்பல்லாம் வேலை வருதா மாப்ளே?" என்று கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் டம்ளரைக் கையில் எடுத்திருந்தார்.

"அரசாங்க மருத்துவ அட்டைக்குக் கணக்கெடுக்கறோம் சார். குடும்பத்துக்கு மாச வருமானம் எவ்வளவு வரும்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெயில் மாதங்களில் வேலை உண்டு. மழை பிடித்துக்கொண்டால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். என் மனைவி சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுக்கிற காசில்தான் அந்த மாதங்கள் ஓடும். ஆனால் மச்சானின் காது என் பக்கம் திரும்பியிருந்ததே! நல்ல மாதத்துச் சம்பாத்தியத்தை மூன்றால் பெருக்கிச் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி கண்ணை உருட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"அவ்வளவு வருமானம்னா அட்டை கிடைக்காதே சார். யோசிச்சுச் சொல்லுங்க."

"பரவால்லம்மா. இல்லாதவங்களுக்குக் கொடுங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். மச்சானின் புருவம் மேலே ஏறியது. எனக்கு ஜென்ம சாபல்யம்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில், கையில் சட்டையோடு என் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, வலது கண்ணுல ஓரமா கறுப்பா திரை விழுந்த மாதிரி இருக்கு."

விழித்திரை கழன்றுகொண்டு வருகிறதாம். ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கு வசதி இல்லை. அட்டை இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம், முழுச் செலவும் அரசாங்கத்துடையது. இல்லாவிட்டால் அவர்கள் சொன்ன தொகைக்கு நான் ஊரில் பாதி வீடுகளுக்காவது பெயின்ட் அடிக்க வேண்டும்.

"அண்ணன்கிட்ட கேக்கட்டுமா?" என்றாள்.

"கேட்டுப் பாரு. அப்புறம் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

மறு விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அட்டை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒருநாள் பொறுமை போய் மேஜையைத் தட்டிக் கத்தினேன். "தீப்பெட்டிக்குக்கூட வரி வாங்கறீங்கல்ல? ஒரு கண்ணுக்குக் காசு கொடுக்க அரசாங்கத்துக்கு வலிக்குதா?"

அந்த அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "கொடுக்கத்தானே சார் வீடு தேடி வந்தோம்" என்றார்.

மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

அட்டை கைக்கு வர இருபத்தாறு நாள் ஆனது. வந்த மறுநாளே ஆபரேஷன். ஒரு பைசா கேட்கவில்லை. மாத்திரை, கட்டு, சொட்டு மருந்து எல்லாம் அரசாங்கச் செலவு. கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாள் தள்ளிவிட்டது, அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்றார். அவள் மடியில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும் கோலம்தான் என் முன்னால் வந்தது. பாவி, நான்தான் பறித்தேன்.

விஷயம் தெரிந்து மச்சான் ஓடிவந்தார்.

"ஏன் மாப்ளே இத்தனை நாள் தள்ளிப் போட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது.

"நான்தாண்ணே தள்ளிப் போட்டேன். ஆபரேஷன்னா எனக்குப் பயம். அவரு தலைபாடா அடிச்சிக்கிட்டாரு, நான்தான் கேக்கல."

"அறிவு இருக்கா உனக்கு?" என்று ஆரம்பித்தவர் பத்து நிமிஷம் அவளைக் கிழி கிழி என்று கிழித்தார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். கடைசியில், "விடுங்க மச்சான், பாவம், திட்டாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் தோளில் கை போட்டார். "உங்கள மாதிரி பொறுமைசாலி கிடைச்சது இவ செஞ்ச புண்ணியம் மாப்ளே" என்றார்.