முழங்கால் உயரம்

மூன்றாவது முறை தேய்த்தும் புல்கறை போகவில்லை. மகள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் காக்கிக் கால்சட்டையைக் குழாய்க்கடியில் பிடித்தாள். இரண்டு முழங்காலிலும் தோல் ஒட்டு. பழைய கைப்பை ஒன்றை வெட்டி அம்மா தைத்தது. பதினொரு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் இது காய வேண்டும்.

"பீரோல புதுசு ஒண்ணு இருக்கேம்மா, அதைப் போட்டு அனுப்பலாமே" என்று காலையிலேயே கேட்டுப் பார்த்தாள்.

"புதுசுல அவரால மண்டி போட முடியாது" என்றாள் அம்மா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கண்காட்சி அரங்கத்தில் பழுது பார்க்கப் போனவர், கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்த நாய்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். அடுத்த மாதம் பழைய கேமரா ஒன்று வீட்டுக்கு வந்தது. இத்தனைக்கும் அவருக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் கடி வாங்கியவர், ஒரு நாயையும் தொட்டதில்லை. "நாய் வாலை நிமிர்த்த முடியாதும்பாங்க. இவரு அது நிமிரும்போது போட்டோ எடுக்கணும்னு காத்துக் கிடக்காரு" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு அவளேதான் முழங்காலுக்கு ஒட்டுப் போட்டாள்.

ஒட்டுப் போடக் காரணம் இருந்தது. நின்றுகொண்டு எடுத்தால் நாயின் முதுகுதான் விழும், அது நாய்க்கு மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. மண்டி போட்டு, முழங்கால் உயர ஸ்டாண்டில் கேமராவை வைத்து, நாய் நேராக வரும்போது நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்குவார். இரண்டு காதும் விறைத்து நிற்கும். ஓடும் வீடியோவிலிருந்து அந்த நொடியை எடுத்தால் அதுதான் படம். நாய்ச் சங்கத்தின் காலண்டரில் வருடா வருடம் வந்ததெல்லாம் அப்படி எடுத்த படங்கள்தான். கீழே 'படம்: சங்கம்' என்று இருக்கும். ஒரு தடவைகூட அவர் வாய் திறந்து கேட்டதில்லை. காசு கொடுத்து வரவழைத்த கேமராக்காரர்கள் கயிற்றுக்கு உள்ளே நிற்பார்கள். அவர் வெளியே, வெயிலில்.

எடுத்த வீடியோவையெல்லாம் மகளுக்கு அனுப்புவார். அவள் பார்க்காமலே கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

கால்சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது, கேட்டுக்கு வெளியே யாரோ அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாவு வீட்டுக்கு நாயைக் கூட்டிட்டு வருவாங்களாய்யா? அந்தப் பக்கம் கட்டு!"

சங்கத்துச் செயலாளர். அதட்டல் வாங்கியவர் தெருமுனைச் சலூன்காரர். அவர் தன் பழுப்பு நிற நாயை இழுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். செயலாளர் குஞ்சம் வைத்த ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, வெள்ளைக் கால்சட்டை கசங்காமல் உள்ளே வந்தார். கூட வந்தவர்கள் பெரிய மலர்வளையம் ஒன்றைக் கட்டிலின் காலடியில் சாய்த்தார்கள். ரிப்பனில் சங்கத்தின் பெயர் ஒரு முழ நீளத்துக்கு. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'நாய்ப் பிரியருக்கு'.

"ஒரே நொடிம்மா" என்றார் அவர், கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவரைப் பார்த்தபடி. "சாஞ்சாரு, நாங்க அத்தனை பேரும் ஓடினோம். ஒரு நிமிஷம் தாமதிக்கல. நல்ல சாவும்மா."

ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சியில் அப்பா சாய்ந்த அன்று, ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னார். ஆனால் டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள் அவள். டாக்டர்கள் சும்மா அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "அவரு கேமராவுல ஒரு மெமரி கார்டு இருக்கும். அதைக் குடுத்தீங்கன்னா சங்கத்து சார்பா ஒரு அஞ்சலி வீடியோ பண்ணிடலாம். வண்டி வர்றதுக்குள்ள குடுத்துட்டா நல்லது."

பிணம் வீட்டை விட்டுப் போகவில்லை, அதற்குள் கார்டு. அவளுக்குச் சுருக்கென்றது. "எடுத்துட்டு வரேன் சார்" என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் கேமரா, ஸ்டாண்டோடு இருந்தது. கடைசி வீடியோ முப்பத்தொரு நிமிடம். வேகமாக ஓட்டிப் பார்க்க மனம் வரவில்லை. ஒன்றையாவது முழுசாகப் பார்ப்போம் என்று தரையில் உட்கார்ந்தாள்.

நாய்கள் வந்தன. நாக்குச் சொடுக்கு கேட்டது. காதுகள் நின்றன. அடுத்த நாய், அடுத்த சொடுக்கு. அழகாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் இதைப் பார்க்காமல் எந்த ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருந்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஐந்தாவது நிமிடத்தில் பாதிச் சொடுக்கு ஒன்று கேட்டது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. அதோடு சரி.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நாய்கள் வந்து, நேராகப் பார்த்து, சொடுக்கு எதுவும் கேட்காமல் போயின. மைக்கில் யாருக்கோ நன்றி சொன்னார்கள். பத்தாவது நிமிடத்தில் குஞ்சம் வைத்த ஷூ ஒரு ஜோடி கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது.

"யோவ் லிஃப்ட்டு, ஸ்டாண்டைப் பின்னாடி தள்ளு. எத்தனை தடவை சொல்றது? உன்னைத்தான்யா, காது கேக்குதா? திமிரைப் பாரு, பதில் பேசுறானா பாரு."

ஷூ திரும்பிப் போனது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எப்போதும் மண்டி போட்டே இருக்கிற மனிதர். மண்டி போட்டபடியே சாய்ந்திருந்தால் படம் எடுக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அருகில் வந்து நின்று, குனிந்து ஒரு பார்வை பார்க்காமல் திட்டிவிட்டுப் போனவன், 'ஒரு நிமிஷம் தாமதிக்கல' என்று சொல்லிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

கதவு தட்டப்பட்டது. "என்னம்மா, ஒரு கார்டை எடுக்க இவ்வளவு நேரமா?"

இருபத்தேழாவது நிமிடத்தில் சலூன்காரரின் பழுப்பு நாய் வந்தது. சொடுக்குக்காக நின்றது. கழுத்துக்கயிற்றை இழுத்தும் நகரவில்லை. மைக்கில் "பதினாலாம் நம்பர், நீக்கம்" என்றார்கள். நாய் கேமராவைத் தாண்டி மேலே பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. சலூன்காரரின் கால்கள் மடங்கின. முதல் முறையாக ஒருவர் மண்டி போட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ அண்ணே! யாராவது வாங்களேன்! அண்ணனுக்கு மூச்சே இல்ல!"

அந்த மூச்சிலிருந்து இந்தக் கூப்பாடு வரை இருபத்திரண்டு நிமிடம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டுதான்.

கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் கேட்டுக்குப் போனாள். "அண்ணே, நாயோட உள்ள வாங்க" என்றாள். சலூன்காரர் தயங்கினார். "அப்பா வீடு இது. நான் சொல்றேன், வாங்க."

பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஸ்டாண்டை விரித்து, கேமராவை வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கார்டு கேட்டீங்களே சார். முதல்ல பாருங்க. பாத்து முடிச்சதும் கேக்க வாய் வந்தா கேளுங்க, தரேன்."

"இங்க எதுக்கும்மா? நான் ஆபீஸ்ல போய்ப் பாத்துக்கறேன்."

"இல்ல சார். இங்கதான். நின்னா தெரியாது. அவரு எடுத்த உயரத்துல இருந்துதான் பாக்கணும்."

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். நாற்காலியில் இருந்த ஒருவரும் உதவிக்கு வரவில்லை. நாய் கட்டிலின் காலருகே படுத்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வெள்ளைக் கால்சட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு மெதுவாக மண்டி போட்டார்.

அவள் ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டாள். பாதிச் சொடுக்கு கேட்டது. நாயின் காதுகள் நிமிர்ந்தன. பிறகு மூச்சு. பிறகு வெறும் கால்கள். உள்ளே அம்மா, கொடியிலிருந்து எடுத்து வந்த ஈரக் கால்சட்டையை இஸ்திரி போட்டுக் காயவைக்கும் சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது.

"உன்னைத்தான்யா, காது கேக்குதா?" என்று கேமரா கேட்டது.

உள்ளே இஸ்திரிச் சத்தம் நின்றது. செயலாளர் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழப்போனார்.

"உக்காருங்க சார்" என்றாள் அவள். "இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு."

அவர் கை தரையிலேயே இருந்தது. உள்ளே, ஈரத் துணியின் மேல் இஸ்திரிப் பெட்டி மறுபடியும் புஸ்ஸென்று இறங்கியது.